மிச்சமிருக்கிற நாலு வருசம்

– நாலு வீட்டுச் சாணி தட்டித் தோள்பட்டை கழண்டு போச்சு. ஒரு வாய் கஞ்சி ஊத்துய்யா... சட்டி பானைய எதுக்குச் சாக்குல கட்டுற?

– காலி பண்ணணும் மருதாயி. வீட்டை வாங்குன அறந்தாங்கி முத்துராமன் ஆள் அனுப்பியிருக்காரு. அமாவாசை வரைக்கும்தான் கெடு.

– அவரு சொன்னா ஆச்சா? நாம ரெண்டு பேரும் கெணறு வெட்டுன கூலிக்குப் பதிலா அஞ்சு வருசம் இங்க இருந்துக்கங்கன்னு பழைய வீட்டுக்காரரு பிள்ளை எழுதிக் குடுத்த சீட்டு இருக்கு. இருந்தது ஒரு வருசம்.

– எழுதிக் குடுத்தவரு வித்துட்டுப் பினாங்குக்குக் கப்பலேறிட்டாரு.

– ஏறட்டும். வக்கீல் குமாஸ்தாகிட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன். வீடு கைமாறினாலும் அஞ்சு வருசம் முடியாம நம்மள வீட்டை விட்டு எறக்க முடியாதாம். வாங்குனவரும் அந்தச் சீட்டுக்குக் கட்டுப்படணுமாம். விடிஞ்சதும் புதுக்கோட்டைக்குப் போவோம்.

– கோர்ட்டெல்லாம் நமக்கு எதுக்கு புள்ள.

– எட்டு மாசம் பாறை ஒடைச்ச ஆளுக்குக் கோர்ட்டுப் படி ஏறக் கால் நோகுதாக்கும்.

– போனா வழக்கு நிக்காது.

– ஏன் நிக்காது?

– கிரயப் பத்திரத்துல நான்தான் சாட்சி.

– நீயா? ஒனக்கு எழுத்து தெரியுமா?

– கைநாட்டுத்தான். பிள்ளை வண்டியில பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. காப்பி கிளப்புல இட்லி வாங்கிக் குடுத்தாரு. அதுவரைக்கும் எவன் என்னைச் சாட்சிக்குக் கூப்புட்டான், சொல்லு.

– விக்கிறாருன்னு தெரிஞ்சும் எங்கிட்ட மூச்சு விடல. சரி, சாட்சி போட்டவன் குடியிருக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?

– ரிஜிஸ்தர் ஆபீசுல முத்துராமன் என்னையத்தான் கேட்டாரு. வீட்டுல யாரும் குடியிருக்காங்களான்னு.

– என்ன சொன்ன?

– யாரும் இல்லைன்னேன்.

– இன்னொரு தடவை சொல்லு.

– ஆள் இருந்தா வெலை கொறையுமாம். ‘பேச்சுக்குச் சொல்லு சேவுகா, ஒன்னை யாரு எறக்கப் போறா, அவருகிட்ட நான் தனியாச் சொல்லிக்கிறேன்’னாரு பிள்ளை. பத்திரத்துலயும் அப்படியே எழுதியிருக்காம். வாங்கிக் குடுத்த இட்லி தொண்டையில நிக்கயில மாட்டேன்னு எப்புடிச் சொல்லுறது?

– அப்ப ஆளில்லாத வீட்டுல ஒரு வருசமா அடுப்பெரிச்சிருக்கேன்.

– பிள்ளை நம்மள ஏமாத்திப்புட்டாருடி.

– நம்மளன்னு சொல்லாத. பிள்ளை ஏமாத்துனது ஒன்னைய. அத நீ பினாங்குல போய்க் கேட்டுக்க. மிச்சம் நாலு வருசத்துல பாதி என் கூலி. ரெண்டு வருசக் குடியிருப்பு நீ எனக்குத் தரணும்.