சின்னக் கோடு யாருது?

அரியாங்குப்பம் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு நிறைமாதப் பெண், பக்கத்தில் அவள் மாமியார்.

"என் நெஞ்சுத் துடிப்பு புள்ள துடிப்ப முழுங்கிடுச்சாம் அத்த" என்றாள் மருமகள்.

"துடிப்பே தெரியலன்னு நர்ஸ் வெளிய வந்து சொன்னதும் எனக்கு உசுரே போச்சுடி."

"வயித்துல ஒயர ஒட்டி மெஷின்ல எழுதுன காயிதத்த நானும் பாத்தேன். பெரிய கோடெல்லாம் என்னுது, நடுவுல சின்னச் சின்னதா குதிக்குதே அது யாருதுன்னு கேட்டேன்."

"டாக்டரயேவா?"

"அத்தினி தறி ஓடற மில்லுல ஒரு தறி தடுமாறுனா காதாலயே பிரிச்சுச் சொல்றவ நான். எனக்கா ரெண்டு துடிப்பப் பிரிக்கத் தெரியாது?"

"அவரு என்னா சொன்னாரு?"

"ஒடனே ஸ்கேல வச்சு சின்னத மட்டும் எண்ணுனாரு. எனக்கு எம்பது, புள்ளைக்கு நூத்தி நாப்பது. இதப் போயி இல்லன்னுட்டாங்க!"