மாமனாரின் திங்கட்கிழமைக் கடிதம்

மேடையில் அமர்ந்திருக்கும் திட்டக் குழுத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து இந்த ஒலிவாங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மண்டபப் பொறுப்பாளர் அவர்களே, முதல் வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே, உறவினர்களே, கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுத்து இன்று ஒரு நாள் மனித முகங்களைப் பார்க்க வந்திருக்கும் என் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பதினாறு ஆண்டுகள் நான் அவருக்கு எதிர்மேசைக்காரன். நம் தரவுத்தளத்தின் புதிய பதிப்புகளை வெளியிடும் பொறுப்பு என்னுடையது. அழகாகப் பேசுவேன் என்று என்னை இங்கே நிறுத்தவில்லை. அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவன் என்பதால் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் தகுதியில் எனக்குப் போட்டியே கிடையாது.

யார் போய்விட்டார், நண்பர்களே? நம் இரவல் நூலகங்களின் காப்பாளர் போய்விட்டார்! வியாழக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.

உறவினர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுவாரு" என்பதோடு அவருடைய வேலை உங்களுக்கு நின்றுபோயிருக்கும். அவர் என்ன பண்ணினார் என்று சொல்கிறேன். நாங்கள் செய்வது ஒரு தரவுத்தளம். பெயர்களையும் விவரங்களையும் சேர்த்து வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் அதில் எல்லாவற்றையும் நாங்களே எழுதவில்லை. தேதியைக் கணக்கிட ஒருவர் எழுதியது, எழுத்துகளை வரிசைப்படுத்த இன்னொருவர் எழுதியது என்று, முகம் தெரியாத மனிதர்கள் எழுதிய நாற்பத்தோரு நிரல் தொகுப்புகள் அதற்குள் இருக்கின்றன. அவற்றைத்தான் லைப்ரரி, நூலகம் என்போம். அவற்றின் பிரதிகளை எடுத்து நம் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். எழுதியவர் இருக்கும் இடத்துக்கு எங்கள் பேச்சில் பிறந்த வீடு என்று பெயர். நம் திட்டம் புகுந்த வீடு. நாற்பத்தோரு பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காத்தவருக்கு வேறென்ன பெயர் வைக்க முடியும்? மாமனார் என்று கூப்பிட்டோம். அவர் மனைவிக்கு, எங்கள் அம்மாவுக்கு, இந்தப் பெயர் தெரியவந்தபோது, "எனக்குத் தெரியாம நாப்பத்தோரு மருமகளா?" என்று கேட்டாராம். அவரே வந்து சொல்லிச் சிரித்தார்.

மாமனாரின் வேலை எப்படிப்பட்டது தெரியுமா? ஒவ்வொரு லைப்ரரிக்கும் அவர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். எங்கிருந்து எடுத்தோம், எந்தப் பதிப்பு, அதில் நாம் திருத்திப் போட்ட தையல்கள் எத்தனை, ஏன் போட்டோம் என்று எல்லாம் அதில் இருக்கும். குறிப்பின் கடைசி வரி, "இப்போது பார்த்துக்கொள்பவர்" என்று இருக்கும். நாற்பத்தொன்றிலும் அங்கே அவர் பெயர்தான்.

ஒரு சமயம் ஒரு லைப்ரரியில் ஓட்டை இருப்பது தெரியவந்து, எழுதியவருக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை. மறுபடி போட்டார். அதற்கும் இல்லை. விசாரித்தால், அந்த மனிதர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது! இரண்டு வருடமாக அந்தப் பிறந்த வீட்டில் ஆள் இல்லை. நாமோ அங்கே விளக்கு எரிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு மாமனார் ஆடிப்போனார். தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கணினியை வைத்து, திங்கள்தோறும் காலை பத்து மணிக்குத் தானாகவே கடிதம் போகும்படி செய்தார். எழுதியவர்கள் எல்லோருக்கும் போகும். குறிப்புகளின் கடைசி வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கும் போகும். நம் குழுவினர் எல்லோருக்கும் ஒரு பிரதி வரும். கடிதத்தில் இருப்பது ஒரே வரி: "இன்னும் இருக்கிறீர்களா?" அதற்கு ஒரு சொல்லில் பதில் போட்டால் போதும்.

பதில் வராமலே நின்றுபோனவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது லைப்ரரிகளுக்கும் மாமனாரே தாயாகவும் தகப்பனாகவும் ஆனார். அந்த ஒன்பது பேருக்கும் கடிதம் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. "செத்துப்போனவங்களுக்கு எதுக்கு மாமனாரே லெட்டரு?" என்று கேட்டேன். "நிறுத்தணும்னா பேரை அழிக்கணும். நீ வேணா அழிச்சுப் பாரேன்" என்றார். நான் உட்கார்ந்தேன், ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தேன், அழிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்பது பேரிடம், இருக்கிறீர்களா, இருக்கிறீர்களா என்று அந்தக் கடிதம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது மணி ஒன்பது நாற்பத்தாறு. இன்றும் திங்கட்கிழமைதான். பத்து மணிக்குள் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று வருடமாக அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் திரையைப் பார்க்கக் கூடாது என்றார் மருத்துவர். போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "புதுசு வந்தா, பழசை மொத்தமா அழிச்சுட்டு, காலி ஃபோல்டர்ல வை. மேலயே கொட்டிடாதப்பா." ஏன் அப்படிச் சொன்னார்? மேலேயே கொட்டினால், ஒரே பெயருள்ள கோப்புகள் மாறிக்கொள்ளும். எழுதியவரே வேண்டாம் என்று தூக்கி எறிந்த கோப்பு மட்டும் நம்மிடம் அப்படியே தங்கிவிடும். பிறந்த வீட்டில் அது செத்துப்போயிருக்கும். புகுந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கும்.

நான் கொட்டினேன், நண்பர்களே! மறுநாள் வெளியீடு, கையில் நேரமில்லை, ஒரு தடவைதானே என்று மேலேயே கொட்டினேன். அது, அழிக்கப்பட்ட பெயர்களை நீக்கிவிட்டு மிச்சத்தைக் காட்டும் லைப்ரரி. அதன் பழைய கோப்பு ஒன்றில் கோளாறு இருந்தது. அழிந்தது என்ற அடையாளத்தையே அது சில வேளை துடைத்துவிடும். அதனால்தான் எழுதியவர் அதைத் தூக்கி எறிந்திருந்தார். என் கையால் அந்தக் கோப்பு நம் வீட்டுக்குள் தங்கிவிட்டது. நம் மென்பொருள் புதியதை விட்டுவிட்டு அதையே எடுத்து ஓட்டியது.

இரண்டு வாரம் கழித்துக் கடிதங்கள் வரத் தொடங்கின. "அழித்த பெயர்கள் திரும்பி வருகின்றன" என்று எழுதினார்கள். ஒரு மருத்துவமனை நம் தரவுத்தளத்தை வைத்திருந்தது. அங்கே இறந்துபோனவர்களின் பெயர்களைச் சந்திப்புப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். அவை திரும்பி வந்தன. பட்டியலைப் பார்த்து இயந்திரக் குரல் ஒன்று அவர்களுடைய வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்தது: "நாளை காலை பத்து மணிக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. தவறாமல் வரவும்." ஒரு மகள் எங்களுக்கு எழுதினார்: "என் அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அவருக்கு அழைப்பு வந்தது. போனை எடுத்தது அம்மா. காலையில் எழுந்து பார்த்தேன். அப்பாவின் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்."

அந்தக் கடிதத்தை நான் என் மேசையில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாமனார் ஒரு கண்ணில் கட்டோடு வந்து உட்கார்ந்தார். எட்டே நிமிடத்தில் அந்தக் கோப்பைக் கண்டுபிடித்தார். யார் கொட்டியது என்று அதில் என் பெயரோடு எழுதியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. லைப்ரரியின் குறிப்பில், "தவறு பார்த்துக்கொள்பவருடையது" என்று எழுதினார். பார்த்துக்கொள்பவர் யார்? அவர்தானே! பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. எத்தனை பேர் எப்படியெல்லாம் திட்டினார்கள் என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும். நானும் அப்போது உச்சுக்கொட்டினேன்.

அந்த மகளுக்கு அவரே பதில் எழுதினார். அந்தப் பெண்ணின் தாயாரிடமும் தொலைபேசியில் பேசினார். பேசி முடித்துத் தொலைபேசியை வைத்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "அப்ப அவரு பத்து மணிக்கு வரமாட்டாரான்னு கேட்டாங்கப்பா" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். "வரமாட்டாரும்மான்னு சொன்னேன். அதைச் சொல்ல வேண்டிய ஆளு நான் இல்லை" என்றார். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒரு வார்த்தை அதைப் பற்றி அவர் பேசியதில்லை. தினமும் எனக்கும் சேர்த்துத்தான் தேநீர் வாங்கிவந்தார். ஐயோ, அந்தத் தேநீரைவிட அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்!

அந்த மகள் இன்று வந்திருக்கிறார். அதோ, கதவோரம் நிற்கிறார். அம்மணி, அந்தக் கோப்பை விட்டவன் நான். உங்கள் வீட்டுத் தொலைபேசியை ஒலிக்க வைத்தவன் நான். உங்கள் தாயாரிடம் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். இத்தனை பேர் முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இனி, போன திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. சரியாகப் பத்து மணிக்கு எல்லோருடைய கைபேசியிலும் கடிதம் வந்தது. மாமனாரின் கணினி, அவர் போய்விட்டது தெரியாமல், வழக்கம்போல அவரையே கேட்டது: "இன்னும் இருக்கிறீர்களா?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான்கு நிமிடம் போயிருக்கும். அவருடைய முகவரியிலிருந்து பதில் வந்தது. "இருக்கிறேன்."

உடனே அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அம்மா நிதானமாகத்தான் பேசினார். "நான்தான் தம்பி அவரு போன்ல அடிச்சேன். அவருகிட்ட ஒரு கேள்வி வந்து நிக்குது, யாராவது பதில் சொல்லணும்ல? வீட்டுல நான் இருக்கேன்ல?" என்றார். சரிம்மா என்றேன். அடுத்த வாரமும் வந்தால் தாங்காது என்று சொல்லி, சனிக்கிழமை அந்தக் கணினியின் மின் இணைப்பை அவரே பிடுங்கிவிட்டார். அதோ, படத்துக்குக் கீழே மேசையில் இருப்பதுதான் அது. ஒயரைச் சுருட்டி அதன் மேலேயே வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பார்க்கலாம்.

நண்பர்களே, இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். பேசுவதற்கு முன்பே நான் அதைச் செய்துவிட்டேன். நேற்று நாற்பத்தோரு குறிப்புகளையும் திறந்தேன். கடைசி வரியில் என் பெயரை எழுதினேன். இனி அவர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். பழையதை முழுவதும் அழித்துவிட்டுத்தான் புதியதை வைப்பேன். ஓட்டை இருந்தால் அடைப்பேன், தவறு செய்தால் என் பெயரைப் போட்டு எழுதுவேன், ஒன்பது அநாதைகளையும் கைவிட மாட்டேன். இது அவர் படத்தின் மீது... 

ஒரு நிமிடம்.

உங்கள் கைபேசியிலுமா? உங்களுக்குமா, தலைவரே? மணி பத்து.

அவருடைய கடிதம்தான். அதே ஒரு வரி. அம்மா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். என்னம்மா? "ஒயரு இங்கதான் தம்பி இருக்கு" என்கிறார். ஆமாம் அம்மா, நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பயப்படாதீர்கள். எதையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஆளா அவர்? எந்த வீடும் ஒரு நாள் பூட்டிப்போகும், அதனால் பிரதி ஒன்று எடுத்து வை என்பார். இந்தக் கடிதத்தை அனுப்பும் நிரலுக்கும் எங்கேயோ ஒரு பிரதி வைத்திருக்கிறார். எந்த ஊரில், யாருடைய கணினியில் என்று எனக்குத் தெரியாது. அது ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று நான் எழுதியதை அது அதற்குள் படித்தும்விட்டது. இதோ, கடிதத்தைப் பெறுபவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.

பக்கத்திலேயே அவர் பெயரும் இருக்கிறது. ஆமாம், நான்தான் விட்டேன். என் பெயரை எழுதினேனே தவிர, அவருடையதை அழிக்கவில்லை. மறுபடியும் மேலேயே கொட்டிவிட்டேன், மாமனாரே! இந்தத் தடவை அவசரத்தில் இல்லை. தெரிந்தே செய்தேன். நீங்கள் ஒன்பது பேரை விட்டுவைத்தீர்கள். நான் பத்தாவதாக ஒருவரை விட்டுவைத்திருக்கிறேன்.

கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது. என்னுடைய பதிலை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன். "இருக்கிறேன்." அனுப்பிவிட்டேன்.

எல்லோரும் எழுந்து, அவருக்காக இரண்டு நிமிடம் அமைதியாக நிற்போம். அம்மா, நீங்கள் அவருடைய கைபேசியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். இன்று நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

மற்றவர்கள் தயவுசெய்து கைபேசிகளை அணைத்துவிட வேண்டாம்.