உப்பு மூட்டைக்குப் பின்னால் ஒரு பெட்டி

இறாலைக் கொதிக்கும் தண்ணீரில் நிறைய நேரம் விடக்கூடாது. சிவந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அந்த மசாலாத் தண்ணீரிலேயே மூடி வைத்துவிட வேண்டும். உறைப்பு உள்ளே இறங்குவது அடுப்பை அணைத்த பிறகுதான். என் தம்பி நோலனுக்கு அப்படித்தான் செய்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொண்டுபோகிறேன். இப்போதெல்லாம் நாலு இறால் தின்பதற்குள் மூச்சு வாங்கித் தட்டை ஒதுக்கிவிடுகிறான்.

நீங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, கடலில் மிதந்த எண்ணெயை வாரப் போனவர்களுக்கு என்னென்ன நோய் என்று வீடு வீடாகக் கேட்கிறீர்கள். நல்ல காரியம். இவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசில்லை.

என் பெயர் வில்டா லிரெட். இந்த ஓடைக்கரையில் இருக்கும் இறால் கொட்டகை என்னுடையது. படகுகள் கொண்டுவருவதை எடைபோட்டு வாங்கி, ஐஸ் போட்டு நியூ ஆர்லியன்ஸ் ஓட்டல்களுக்கு அனுப்புகிறேன். அம்மா போன பிறகு நோலனை வளர்த்தது நான்தான். இந்தப் பக்கம் படகுக்கு மனைவி பேரோ மகள் பேரோ வைப்பார்கள். அவன் தன் படகுக்கு ‘மிஸ் வில்டா’ என்று எழுதினான். அவன் மனைவி ரெனாட்டாவுக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான்.

கடலுக்குள் எண்ணெய்க் கிணறு வெடித்த வருஷம் இறால் பிடிக்கத் தடை போட்டார்கள். எண்ணெய்க் கம்பெனி எங்கள் படகுகளையே வாடகைக்கு எடுத்து, மிதக்கிற எண்ணெயை வாரச் சொன்னது. எண்ணெயைக் கரைக்கும் மருந்தை விமானத்திலிருந்து தெளித்தார்கள். காற்று திரும்பினால் அதுவும் படகில் இருப்பவர்கள் மேல்தான் விழும்.

கம்பெனி ஆள் ஒரு பெரிய பெட்டியை என் கொட்டகையில் இறக்கினான். உள்ளே ரப்பர் மாஸ்க்குகள், இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்தவை. எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள் என்றான், சரி என்றேன். அந்தக் கம்பெனியைத் திட்ட எனக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் மேல் தப்பில்லை.

அன்று காலையில் படகுத்துறை முழுக்க டிவிக்காரர்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். என் பேர் எழுதிய படகில் ஒருவன் மூஞ்சியை மூடிக்கொண்டு நிற்பதைச் சாப்பாட்டுத் தட்டோடு பார்க்கிறவன், பிறகு எங்கள் இறாலைத் தொடுவானா? எண்ணெய் என்றைக்காவது போய்விடும், அருவருப்பு போகாது. ஊர் பிழைக்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன். பெட்டியை உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மாஸ்க் இன்னும் வரவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

நோலன் சிரித்தபடி படகில் நிற்கிற படம் அன்று டிவியில் வந்தது. அதைத்தான் அங்கே மாட்டியிருக்கிறேன். தடை நீங்கியதும் ஓட்டல்காரர்கள் முதலில் தேடி வந்தது என் கொட்டகையைத்தான்.

எண்ணெய் வாரப் போன சில நாளிலேயே நோலன் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றான்.

“அக்கா, மாஸ்க் வந்துச்சா?”

“வரலடா.”

“வாயெல்லாம் தகரத்த நக்கின மாதிரி இருக்கு. என்கூட வர்ற ஏர்லுக்கு மூக்குலேர்ந்து ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. அந்த கம்பெனிக்காரன ஒரு வாட்டி கேளேன்.”

“கேக்குறேன். உன்ன பெரிய கடலோடின்னு நெனச்சேன். ஒரு நாத்தத்துக்கே இந்த அழுகையா?”

சிரித்துவிட்டான். மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய்ப் படகைக் கிளப்பினான். நான் கேலி செய்தால் அவன் எதையும் செய்வான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அவன் படகில் வேலை பார்த்த ஏர்ல் சில வருஷத்தில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். நல்ல பையன். நோலனுக்கு முதலில் இருமல், பிறகு தோலில் கொப்புளம். ஒருநாள், பிறந்து வளர்ந்த ஓடையிலேயே வழி மறந்து நாணலுக்குள் படகைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தான். இப்போது நுரையீரல் முழுக்கத் தழும்பு, மூக்கில் எப்போதும் ஆக்சிஜன் குழாய். வேறு நுரையீரல் வைத்தால் கொஞ்ச காலம் ஓடும் என்கிறார்கள். அதற்கு அவனிடம் பணமில்லை.

வழக்குப் போட்டான். மாஸ்க் கொடுத்தோம் என்றது கம்பெனி. மாஸ்க் போட்டவனுக்கு எண்ணெயால் நுரையீரல் இப்படிக் கெட்டிருக்காது, அதனால் இது சிகரெட்டால் வந்ததுதான் என்றார் அவர்கள் கூட்டி வந்த டாக்டர். பதினாறு வயதில் நான் ஒரு அறை விட்டதிலிருந்து சிகரெட்டையே தொடாதவன் அவன். பெட்டி வந்ததா என்று கோர்ட்டில் என்னைக் கேட்டார்கள், நினைவில்லை என்றேன். அப்போது நோலன் குழாயைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றான்.

“எங்கக்கா கைக்கு வந்திருந்தா எங்க மூஞ்சிக்கு வந்திருக்கும்” என்றான்.

வழக்குத் தோற்றது. எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள்.

பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. படகின் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வேன். நல்ல சரக்கு, துளி நெடி உள்ளே வராது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை. மாஸ்க் இவர்கள் கைக்கு வரவில்லை என்று படகில் போகாத யாராவது ஒருவர் சாட்சி சொன்னால் வழக்கை மறுபடி திறக்கலாம் என்று ரெனாட்டாவும் அழுதுகொண்டு வந்து சொன்னாள். எனக்குத் தெரியும். சொன்னால் கொட்டகை போகும், போகட்டும், எனக்கு வயதாகிவிட்டது. ஆனால் சொன்னால் நோலனுக்குத் தெரிந்துவிடுமே. அதனால் உங்களிடம் சொன்னதை வெளியே யார் கேட்டாலும் நான் சொல்லவில்லை என்றுதான் சொல்வேன்.

போன ஞாயிறு தட்டை ஒதுக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். “எல்லாரும் ஏமாத்திட்டாங்கக்கா. நீ ஒருத்திதான்…” என்றான். மூச்சுப் போதாமல் மீதியைச் சொல்லவில்லை. அவன் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். என் மேல் அவன் வைத்திருக்கிற அந்த நம்பிக்கையை நான் இதுவரை கெடுத்ததே இல்லை.