மூன்றாம் சிலைக்குப் பேர் சொன்னவருக்கு

கோட்டை வாசல் தொடங்கி ஃபேர்லேண்ட்ஸ் எல்லைவரை, பதினோராண்டு காலம் ஞாயிறு தவறாமல் நடந்து, நடந்த வழியெல்லாம் நகை விதைத்து, சிமெண்டுச் சிலைகளுக்கும் சீவன் ஊட்டிய செம்மலே! குடைக்கம்பின் நுனியால் கலை காட்டிய கோமகனே! கற்றவருக்கும் கல்லாதவருக்கும் ஒரே கதையை ஒரே குரலில் உரைத்த உத்தமரே! நகராட்சிப் பூங்காப் பிரிவின் மேற்பார்வையாளராய் வந்து, எங்கள் அனைவர் வீட்டுக்கும் உறவினராய் விடைபெறும் பாக்கியநாதனாரே! வணக்கம்.

இதற்கு மேலும் தங்களை நேருக்கு நேர் புகழ எங்களுக்குத் துணிச்சல் இல்லை. சென்ற ஆண்டு நம் பிரிவின் சின்னுசாமி ஓய்வுபெற்றபோது, பேச வந்த ஒருவர் பேச்சுவாக்கில் தங்களைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னார். "அட, உடுங்க சாமி, வேலையப் பாப்போம்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போனவர் தாங்கள். இன்றும் அப்படிப் போய்விட்டால் வாங்கிவைத்திருக்கும் மாலையை யார் கழுத்தில் போடுவது? ஆகவே, இம்மடல் எழுதும் வேலை தலையில் விழுந்த எழுத்தர் மருதாசலம் ஒரு வழி கண்டுபிடித்தார். தங்களைப் பார்த்துச் சொல்லாமல், தங்களைப் பற்றி அவையோருக்குக் கதையாகச் சொல்லிவிடுவது என்பது அந்த வழி. தாங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கதை என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

அவையோரே, கேளுங்கள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு நம் சேலத்தில் ஒரு பொருட்காட்சி நடந்தது. அதையொட்டிச் சென்னையில் சிற்பம் படித்த ஓர் இளைஞர் வந்து, சாலையோரமாக ஐந்து சிலைகளைச் செய்து நிறுத்திவிட்டுப் போனார். அவற்றில் அரசரும் இல்லை, தலைவரும் இல்லை. நூல் சுற்றும் பெண், சக்கரம் கழற்றும் லாரி கிளீனர், மூட்டை தூக்கும் சுமைக்காரர், மாங்கூடைக்காரி, கடைசியாக வயிற்றில் பெரிய ஓட்டையோடு 'தாய்' என்று ஒன்று. தலைமுறை தலைமுறையாகக் கோயில் தூண்களைப் பார்த்துப் பழகிய ஊர் இது. கும்பிடுவதா, கடந்து போவதா என்று விளங்காமல் விழித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மாங்கூடைக்காரியின் முன் கற்பூரம் கொளுத்தி வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

சிலைகளைக் கழுவித் துடைக்கும் பொறுப்பு பாக்கியநாதனுக்கு வந்தது. கழுவும்போது நின்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். சொல்லச் சொல்லக் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் அடுத்த சிலைக்கும் கூடவே வந்தது. இப்படித்தான் அந்த ஞாயிறு நடை பிறந்ததே தவிர, எந்த உத்தரவாலும் அன்று. ஞாயிறு காலை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து, வேட்டி மடிப்புக் கலையாமல், எட்டு மணிக்குக் கோட்டை வாசலில் குடையோடு நிற்பார். ஓட்டைச் சிலைக்கு அருகில் எவராவது, "ஏனுங்க, இந்த ஓட்டை எதுக்குங்க?" என்று கேட்காமல் இருக்கமாட்டார்கள். "குனிஞ்சு பாருங்க. ஏற்காட்டு மலை தெரியுதுங்களா? அதுவும் இந்தச் செலையில சேத்திதானுங்க. அத்தனை பெருசா நம்மாள செய்ய முடியுங்களா?" என்பார். பட்டுச்சேலைக்காரர்களும் கோட்டு போட்டவர்களும் வரிசையில் நின்று குனிந்து பார்ப்பார்கள்.

இத்தகைய மனிதருக்கு ஓய்வு உத்தரவு வந்தது. வழக்கமாக அந்தத் தாள் கைக்கு வந்தவர்கள் ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்பார்கள். இவர் எங்களை ஒவ்வொருவராகத் தனியே அழைத்து வேறொன்று கேட்டார். "மூணாவது செலைகிட்ட அந்தப் பேரை இனி யாரு சொல்லுவீங்க?" நாங்கள் தரையைப் பார்த்தோம். உத்தரவு வந்ததிலிருந்து இந்த மூன்று மாதமும் மனிதர் சரியாகத் தூங்கவில்லை என்று அவர் துணைவியார் மரியபுஷ்பம் அம்மையார் எங்களிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்வியின் கனம் தெரியவேண்டுமானால், அவையோருக்கு மூக்குக் கதையைச் சொல்லியாகவேண்டும்.

மூன்றாவது சிலை சுமைக்காரர். முதுகில் மூட்டை, வளைந்த உடல், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மூக்கு. பீடத்தில் 'சுமை' என்று ஒரே சொல். பாக்கியநாதன் குடைக்கம்பை உயர்த்தி, "இவரு முதுகு வளைஞ்சிருக்கறது மூட்டைப் பாரத்தாலன்னு நெனைக்கறீங்க. இல்லீங்க. மூக்குப் பாரத்தால!" என்பார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். ஐந்து சிலைகளில் அதிகம் சிரிப்பு விழுந்த இடம் அதுதான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்?

அந்தச் சிரிப்பின் பின்வரிசையில் ஓர் அம்மாள் நிற்பது வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஜலகண்டாபுரம் பஸ்ஸில் வந்து இறங்குவார். நடை முழுவதும் கூடவே வருவார். ஒரு கேள்வி கேட்டதில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு வருஷம் இப்படி வந்தார். யாரோ கோயிலுக்கு வருகிறவர், போகிற வழியில் சேர்ந்துகொள்கிறார் என்றே பாக்கியநாதன் நினைத்திருந்தார்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு ஒரு ஞாயிறு, நடை முடிந்து கூட்டம் கலைந்தபின், அந்த அம்மாள் எங்கள் தோட்டக்காரர் தண்டாயுதபாணியிடம் வந்தார். சிலையின் மூக்கில் காக்கை எச்சம் இருக்கிறது, ஏணி போட்டுத் துடைக்க முடியுமா என்று கேட்டார். தண்டாயுதபாணி துடைத்துவிட்டு இறங்கினார். "நல்லா இருங்க சாமி. அது எங்க ஊட்டுக்காரருங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பெயர் பெரியநாயகி. கணவர் நெசவாளி. நூல் கிடைக்காத காலத்தில் தறியை நிறுத்திவிட்டுச் சேலத்துக்கு மூட்டை தூக்க வந்தார். பொருட்காட்சிக்குச் சிமெண்டு மூட்டை இறக்கியபோது சிற்பியின் கண்ணில் பட்டார். பத்து நாள் அவர் முன்னால் மூட்டையோடு நின்றார். சிலை எழுந்து இரண்டு வருஷத்தில் மஞ்சள்காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. இதையெல்லாம் தண்டாயுதபாணி விசாரித்து வந்து சொன்னபோது, பாக்கியநாதன் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டார். கட்டியவரை இழந்த பெண் நாலு வருஷமாக நின்றிருக்கிறார், அவர் எதிரிலேயே அந்த முகத்தைக் காட்டி ஊரைச் சிரிக்கவைத்திருக்கிறோம் என்ற எண்ணம் அவரைக் குடைந்தெடுத்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டு இதைப் பாவமென்று சொன்னாராம். "மூக்கைப் பற்றியா?" என்று பங்குச்சாமியார் இரண்டு தடவை கேட்டுவிட்டு, பரிகாரமாக மாதாவுக்கு மூன்று மந்திரம் சொல்லச் சொன்னாராம். இதை அவரே எங்களிடம் சொன்னார். சொன்னபோது எங்களைச் சிரிக்க விடவில்லை.

அன்று முதல் மூக்கை விட்டார். "உழைப்பின் உருவத்தைக் காணுங்கள். ஓயாத கரங்களைக் காணுங்கள்" என்று மேடைப் பேச்சுப் பேசலானார். நல்ல தமிழ்தான், குற்றமில்லை. கூட்டம் தலையை ஆட்டிவிட்டு மாங்கூடைக்காரியிடம் நகர்ந்தது. இப்படி இரண்டு மாதம் போயிற்று. மூன்றாம் மாதம் முதல் ஞாயிறு, எல்லோரும் போனபின் பெரியநாயகியம்மாள் பாக்கியநாதன் முன்னால் வந்து நின்றார். பாக்கியநாதன் கைகூப்பி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"ஏனுங்க சாமி, அந்த மூக்குச் சமாச்சாரத்தை ஏனுங்க உட்டுப்போட்டீங்க?"

பாக்கியநாதன் கூப்பிய கையை இறக்கினார்.

"நீங்க அதைச் சொன்னாத்தானுங்க எல்லாரும் நிமுந்து அவரு மூஞ்சியப் பாக்கறாங்க. இப்ப மூட்டையப் பாத்துப்போட்டுப் போயர்றாங்க. எங்க கல்யாணத்துலயே அந்த மூக்கப் பாத்துச் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சனுங்க. அவரை ஒரு படம்கூடப் புடிச்சு வெக்கலீங்க. எனக்குன்னு இருக்கற மூஞ்சி இது ஒண்ணுதான். நாலு பேரு பாக்கட்டுமுங்க."

பாக்கியநாதன் குடையை இடுக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "அவரு பேரு என்னங்க அம்மிணி? அதையுஞ் சேத்திச் சொல்றேன்" என்றார்.

அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். கட்டியவர் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. "பழனியில இருக்கற சாமி பேருங்க" என்றார்.

"முருகேசனுங்களா?"

இல்லை என்று தலை அசைந்தது.

"வேலுச்சாமிங்களா? தண்டாயுதபாணிங்களா?"

"எம்பேரா?" என்று ஏணியோடு நின்றிருந்த எங்கள் தண்டாயுதபாணி பதறிப்போனார். அம்மாள் அன்றுதான் எங்கள் எதிரில் முதல்முறையாகச் சிரித்தார். கடைசியில் பாக்கியநாதன் "குமாரசாமி" என்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

அன்றிலிருந்து ஐந்து வருஷம், பாக்கியநாதன் மூக்கைச் சொல்வார். சிரிப்பு எழும். எல்லா முகமும் நிமிரும்வரை காத்திருப்பார். பிறகு, "இவரு பேரு குமாரசாமி. ஜலகண்டாபுரத்து நெசவாளி" என்பார். கூட்டம் அடங்கி ஒரு நொடி நிற்கும். பெரியநாயகியம்மாள் தன்னால் சொல்ல முடியாத பேரை அடுத்தவர் வாயால் கேட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுவார். பீடத்திலோ கல்வெட்டிலோ அந்தப் பேர் இல்லை, பாக்கியநாதன் நாவில் மட்டுமே இருந்தது. அதனால்தான் ஓய்வுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் அப்படிக் கேட்டார். எங்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும், கோப்பு எழுதத் தெரியும். நாற்பது பேரைச் சிரிக்கவைத்து நிமிரவைக்க எங்களில் ஒருவருக்கும் வராது. பொய்யாக ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

இனிச் சொல்லப்போவது, பாக்கியநாதனாரே, தாங்களும் அறியாதது.

இம்மாதம் முதல் ஞாயிறு தாங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள். அப்படியும் குடையை எடுத்ததற்கு, மரியபுஷ்பம் அம்மையார் கதவை வெளியே தாழிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாள் தாங்கள் கேட்டபோது, "நடை நல்லா நடந்துதுங்க" என்று மட்டும் சொன்னோம். இன்றைக்கென்று மற்றதை மறைத்து வைத்தோம். பொறுத்தருள்க.

அன்று ராசிபுரத்துப் பக்கமிருந்து ஆசிரியைகள் முப்பது பேர் வந்திருந்தார்கள். வேறு வழியின்றித் தண்டாயுதபாணியை முன்னால் தள்ளினோம். நூல் சுற்றும் பெண்ணின் முன் நின்று, தொண்டையைக் கனைத்து, "இது செலைங்க" என்றார். அதோடு அவர் சரக்குத் தீர்ந்தது. ஆசிரியைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து, "நூலு இடது கையில வருதுங்க, பாருங்க" என்று ஒரு குரல் வந்தது. ஒன்பது வருஷம் நடையின்போது வாய் திறவாமல் வந்த பெரியநாயகியம்மாள் முன்னால் வந்தார். தாங்கள் சொல்வதை வரி பிசகாமல் சொன்னார். நூல் விஷயத்தில் தாங்கள் பதினோரு வருஷமாகச் சொல்லிவந்த ஒரு தப்பையும் போகிறபோக்கில் திருத்தினார்.

மூன்றாவது சிலைக்கு வந்ததும் நாங்கள் அம்மாளுக்கு அருகில் போய் நின்றுகொண்டோம். அம்மாள் கையை உயர்த்தி மூக்குப் பாரத்தைச் சொன்னார். முப்பது பேரும் சிரித்தார்கள். முப்பது முகமும் நிமிர்ந்தது. கண்ணாடி அணிந்த ஆசிரியை ஒருவர், "இவர் யாருங்க? பேரு இருக்குதுங்களா?" என்று கேட்டார். அம்மாளின் வழக்கம் தெரிந்த தண்டாயுதபாணி, தாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அம்மாள் கைகாட்டி அவரை நிறுத்தினார். லாரிகள் இரைந்துகொண்டு போகும் சாலையில், அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"குமாரசாமிங்க."

பிறகு எங்களைப் பார்த்தார். "அத்தனை பேரு அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. நாஞ் சொல்லாட்டி யாருங்க சொல்லுவா?"

தங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, ஐயா. இனி மாதத்தின் முதல் ஞாயிறு அவர் நடத்துவார். மற்ற ஞாயிறுகளில் நாங்கள் முறைவைத்து, தட்டுத் தடுமாறியேனும் நடத்துவோம். சிரிப்பு வருமோ வராதோ, அந்தப் பேரை ஒருநாளும் விடமாட்டோம். அதோ, மூன்றாம் வரிசையில் அம்மாள் அமர்ந்திருக்கிறார்கள். மாலையை அவர்கள் கையால் தங்களுக்கு எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் ஆசை. தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள்.

நடந்த கால்களுக்கு நல்ல ஓய்வும், உழைத்த உடலுக்கு உறுதியும், பேசிய நாவுக்குப் பேரப்பிள்ளைகளின் மழலைத் துணையும் வாய்க்க, மரியபுஷ்பம் அம்மையாரோடு தாங்கள் நூறாண்டு கடந்தும் நலமே வாழ்க! இரவில் நிம்மதியாய் உறங்குக!

சேலம்,
ஜூன் 1968.

தங்களைப் பிரிய மனமின்றி,
பூங்காப் பிரிவு ஊழியர்கள்