கோட்டைப் பக்கத்துக் குழியில் கிடைத்த அடுப்பு

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கிளீனராகத் தொடங்கி லாரி முதலாளி ஆனவன் நான். அன்று லாரி பட்டறையில் கிடந்ததால் சந்திரகிரியிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் வந்தேன். வெயில் சாய்ந்து, எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரம். முன் சீட்டில், புடவையெல்லாம் செம்மண்ணாக இரண்டு பெண்கள்.

"கையில மம்மட்டி இருந்திச்சிக்கா. ஒரே போடு போட்டிருந்தா அடுப்பு மண்ணோட மண்ணாயிருக்கும்" என்றாள் இளையவள்.

"எந்த அடுப்புடீ?"

"கோட்டைப் பக்கத்துல ஓட்டல் கட்டப்போறாங்கல்ல, அதுக்கு முன்னால பழசு எதுனா கீதான்னு குழி தோண்டிக்கினு கீறோமே, அதுல. உள்ள சாம்பல்கூட அப்டியே கீது."

"ஐயோ! பழசு கெடச்சா ஓட்டல நிறுத்திடுவாங்களேடீ. உன் ஊட்டுக்காரரு குவைத்த வுட்டுட்டு அங்கதான சமையலுக்கு வர்றதா இருந்தாரு? ஒடச்சித் தொலைக்கறதுதான?"

"பூசனவளோட விரல் தடம் கீதுக்கா. என் விரல வெச்சிப் பாத்தேன், பொருந்திச்சி. குடும்பம் பிரிஞ்சாதான அடுப்ப இடிப்பாங்க? எந்தக் காலத்துப் பொம்பளையோ, அவ குடும்பத்த நான் ஏன் பிரிக்கணும்? பழசத் தேட வந்த ஆபீசர் சார நானே கூப்ட்டுக் காட்டிட்டேன்."

பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவ குடும்பத்த நல்லா பாத்துக்கின, போ!"

எத்தனையோ பேரம் பேசி முடித்த எனக்கே, இளையவள் அடுத்து என்ன சொல்வாளென்று பிடிபடவில்லை. பஸ் புளியமர நிழலில் மெல்லப் போனது.

"அவருகிட்ட போன்ல சொன்னியா?"

"சொன்னேன். அந்த அடுப்புல இன்னா செஞ்சி துன்னிருப்பாங்கன்னு கேட்டாரு. களியும் கீரையும்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"பசிக்குதுன்னாருக்கா."