எச்சில் தொட்ட தாள்கள்

எச்சில் தொட்டுத் தாள் புரட்டுவது நம் பக்கத்தில் பெரிய குற்றமில்லை, மேடம். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அப்படித்தான் டிக்கெட் கிழிக்கிறார். ஸ்ரீரங்கத்தில் என் எதிர்வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தைக்கூட அப்படித்தான் புரட்டுகிறார். ஆகவே யாழினி அப்படிச் செய்வதை முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் தோன்றியது. அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் ரத்தினவேல். திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். மாடியில் மூலை அறையில் இருக்கும் உலர்ந்த செடிகளின் தொகுப்பு என் பொறுப்பு. சின்னத் தொகுப்புதான், காவிரி, கொள்ளிடக் கரைகளின் புல்லும் கோரையும் மட்டும். பீமராவ் என்ற அந்தக் காலத்துப் பேராசிரியர் கரை கரையாக நடந்து சேர்த்தது. ஒவ்வொன்றையும் அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் தைத்து, பறித்த இடத்தை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். அவர் பறித்த திட்டுகளில் பலவற்றை மணல் லாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. அங்கே வளர்ந்த சில கோரைகள் இன்று என் அலமாரியில் மட்டும்தான் இருக்கின்றன. எங்கள் முதல்வருக்கு இதெல்லாம் ஏறாது. "வைக்கோலை எப்போ சார் காலி பண்ணுவீங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அந்த அறையில் வேலைவாய்ப்பு அலுவலகம் வைக்க வேண்டுமாம்.

எல்லாத் தாள்களையும் படம் எடுத்து இணையத்தில் ஏற்ற அனுமதி கிடைத்தபோது, போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. படம் எடுக்க வந்தவள்தான் யாழினி. மண்ணச்சநல்லூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தவள். செடி பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் வெளிச்சம் தெரியும். காய்ந்த கோரையின் ஒவ்வொரு நரம்பும் தெரிகிற மாதிரி எடுப்பாள். "சார், இது எங்க வரப்புல கெடக்குற புல்லு மாதிரியே இருக்குங்க. இதுக்கா இவ்வளவு மரியாதை?" என்று சிரிப்பாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும்.

திருச்சிப் புழுக்கத்துக்குத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவள் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, தாளின் ஓரத்தை நெம்பி எடுப்பாள். மறுபடி நாக்கு. மறுபடி தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காய்ந்த செடிக்குப் பெரிய எதிரி பூச்சி. அந்தக் காலத்தில் பூச்சி அண்டாமல் இருக்கச் செடிகளைப் பாதரச உப்புக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். கொடிய விஷம். காலம் போனாலும் அது போகாது. தாளிலும் தூசியிலும் இருந்துகொண்டே இருக்கும். பீமராவ் பொறுப்பானவர். அப்படி முக்கியெடுத்த செடி உள்ள தாளின் கீழ்மூலையில் சின்னதாகச் சிவப்பு முக்கோண முத்திரை குத்திவைத்தார். அதன் அர்த்தம் அறைப் பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும் தெரியும், வாய்வழியாக. இப்போது எனக்கு.

யாழினி முதல் வாரமே கேட்டாள். "இது என்னங்க சார், குடும்பக் கட்டுப்பாடு முத்திரை மாதிரி?"

"பூச்சி பார்த்தாச்சுன்னு அடையாளம்மா" என்றேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு தாளிலும் எண் தாங்கிய பார்கோடு ஒட்ட வேண்டும் என்பது விதி. எங்கே ஒட்டுவது என்று விதியில் இல்லை. முக்கோணத்தின் மேலேயே ஒட்டச் சொன்னேன். படம் சுத்தமாக இருக்கும் என்றேன். அவளும் அது நல்ல யோசனை என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? சொன்னால் அவள் வீட்டில் சொல்வாள். வீட்டில் சொன்னால் முதல்வர் காதுக்கு வரும். விஷம் என்ற ஒரு சொல் போதும் அவருக்கு. மறுநாளே முகமூடி மாட்டிய ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்ச் சூளையில் போட்டிருப்பார்கள். படம் எடுக்காத தாள்கள் எல்லாம் சாம்பல். அந்தக் கோரைகள் இரண்டாம் முறை செத்திருக்கும். ஒரு சாதாரண வாத்தியார் நான் என்ன செய்ய முடியும்? என் கையில் என்ன இருந்தது?

கையில் கையுறை இருந்தது, உண்மைதான். நான் எப்போதும் போட்டுக்கொள்வேன். அவளும் ஒரு நாள் கேட்டாள். எனக்குத் தோல் ஒவ்வாமை, அதனால்தான், உனக்குக் கேமரா வழுக்கும் என்றேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள், வாயெல்லாம் இரும்பைச் சப்பின மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு ஈறில் ரத்தம். பிறகு கை நடுக்கம். படங்கள் கலங்கலாக வந்தபோதுதான் எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. அவளுக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று, திருவெள்ளறைப் பக்கம் வீரமலை என்ற சித்த வைத்தியரிடம் நானே அனுப்பினேன். "பெரிய கைராசிக்காரர்மா, போய்ப் பாரு" என்றேன். நல்ல மனிதர். பாதரசத்தை முறைப்படி சுத்தி செய்து மருந்தில் சேர்ப்பவர். அது எனக்குத் தெரியும். நாளைக்கு யாராவது அவள் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமல்லவா?

பேனாவை வைத்துவிட்டீர்கள். இதையும் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மருத்துவமனைக்குப் போனேன். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன. அவள் புருஷன் சரத்குமார், அரிசி ஆலையில் வேலை பார்ப்பவன், கட்டிலோரம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தான். "நல்லாத்தானே சார் இருந்தா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். "நான் வராம வேலை நின்னுடுச்சுங்களா சார்?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லம்மா, பார்த்துக்கலாம் என்றேன். அதற்கு மேல் அவளுக்கு நான் என்ன செய்திருக்க முடியும்?

அவள் போன பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ரத்தத்தில் பாதரசம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சரத்குமார் புகார் கொடுத்தான். நீங்கள் வைத்தியரைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். நான் எதிர்பார்த்ததும் அதுதான். ஆனால் அவருடைய சம்சாரம் ஜோதி அம்மாள் கல்லூரிக்கே வந்துவிட்டார். "யாழினி உங்க பொண்ணு மாதிரி இருந்தவங்கதானே சார், அவரு அப்படிக் குடுத்திருக்க மாட்டாருன்னு நீங்களாவது சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நிரபராதி உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அப்படிப்பட்ட ஆள் இல்லை நான்.

ஆகவே சொல்கிறேன். யாழினியைக் கொன்றது நான்தான். வைத்தியரை விட்டுவிடுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொன்னால் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் கேட்கலாமா? அறையைச் சீல் வைக்க இன்றைக்கே ஆள் அனுப்பாதீர்கள். ஜன்னலோரத்து அலமாரி ஒன்றுதான் இன்னும் படமெடுக்காமல் இருக்கிறது. கொள்ளிடத்துக் கோரை எல்லாம் அதில்தான். யாழினி இடத்தில் வந்திருக்கும் லின்சி கெட்டிக்காரப் பெண். இந்நேரம் அதைத் திறந்து ஆரம்பித்திருப்பாள். அவளுக்கும் அந்த எச்சில் தொடுகிற பழக்கம் உண்டு, அதனால் வேலை வேகமாக நடக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவாள். அதுவரைக்கும் அவளிடம் யாரும் எதுவும் சொல்லிப் பயமுறுத்திவிட வேண்டாம்.