பள்ளத்து வயலுக்கு ஒரு விலை

"ஹலோ... ஆங், சொல்லு தம்பி... கேக்குது, கேக்குது. பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்டா, அதான் சத்தம்... இல்ல, கடலூர் போயிட்டு இப்பதான் வந்து எறங்குனேன். கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கறதுக்குள்ள காலு ரெண்டும் கழண்டுபோச்சு."

கலைமணி சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கிள்ளைக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு சின்ன ஊராட்சிக்கு அவள் தலைவி. மறுநாள் கிராம சபை. ஊருக்குக் கிழக்கே தாழ்ந்து கிடக்கும் பள்ளத்து வயல்களில் மனை போட அனுமதி கிடையாது என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறாள். அழைத்த தம்பி செம்பியனுக்கோ நிலம் வாங்கி விற்பதுதான் தொழில்.

"எதுக்குக் கூப்புடுறன்னு தெரியும்டா... ஆமா. ஆமா, நாளைக்குத்தான்... தள்ளியெல்லாம் வெக்க முடியாது... டேய், ஊடு கட்டாதன்னு யாரு சொன்னா? ரோட்டோரம் மேடு கெடக்கு. அங்க கட்டட்டும், ரோடு, தண்ணி எல்லாம் பஞ்சாயத்தே குடுக்கும். பள்ளத்துல மண்ணக் கொட்டி ஒசத்திப்புட்டா மழத்தண்ணி எந்தப் பக்கம்டா போவும்? மேற்கால ஒரு நகரு போட்டாங்களே, பாத்தல்ல? அதுலேருந்து தெற்குத் தெருவுல ஊட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணி. அந்தத் தண்ணியில நின்னுக்கிட்டு சோறு போட்டவ நானு... சரி, ஊரு வளரணும். ஒத்துக்கறேன். மேட்டுல வளரட்டும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதையே காலையிலிருந்து எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று.

"வாங்கறவரு வந்து உக்காந்துருக்காரா... என் வாயால ஒரு வார்த்த வேணுங்கறாரா? தீர்மானம் வராதுன்னா? வரும்டா. அதான் என் வார்த்த... சரி, விக்கறது யாரு? யாரு வயலு?... ஏன் முழுங்கற, சொல்லு."

தம்பி சொன்னான். அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து வெறுமனே பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

"எங்க ஊட்டுக்காரரா?... திருவதிகை கோயிலுக்குன்னு சொல்லிட்டுல்ல கெளம்புனாரு... எந்த பத்திர ஆபீசு? இங்க சிதம்பரத்துலயா... அவருகிட்ட குடு... குடுறா."

கணவர் தில்லைநாதன் பேச வருவதற்குள் தனக்குக் கோபம் வந்துவிடும் என்று நினைத்தாள். வரவில்லை. அவர் போட்டிருக்கும் சட்டையைக் காலையில் தேய்த்துக் கொடுத்ததே அவள்தான்.

"மாமா... நான்தான்... ம்... ம்... இல்ல, திட்டல... சாப்டியா?... ஏன் சாப்புடல?... தெரியும் மாமா. போன வருசமும் கதிரு தண்ணியில அழுவிப்போச்சு. அதுக்கு முந்தியும் அப்புடித்தான். சேத்துல எறங்கி எறங்கி ஒன் காலு என்னா கதியில இருக்குன்னு நான் பாக்கறேன்ல?... பொய்யின்னு சொல்லலயே. நீ சொல்றது அத்தனையும் நெசம்... நெலம் ஒன்னுது. ஒங்கப்பா ஒனக்குக் குடுத்தது. நான் வந்து கையப் புடிச்சி இழுக்க மாட்டேன், தெம்பும் இல்ல. ஆனா தீர்மானத்த மாத்தச் சொல்லாத... நம்ம வயல மட்டும் வுட்டுட்டா? அப்பறம் தெற்குத் தெரு பொம்பளைங்க மொகத்துல நான் எப்புடி மாமா முழிப்பேன்?... அழுவாத... மாமா, அழுவாத, சுத்தி ஆளுங்க இருப்பாங்க..."

கிள்ளை பஸ் வந்து நின்றது. கூட்டம் முட்டிமோதி ஏறியது. அவள் எழுந்திருக்கவில்லை.

"ஹலோ... நீயா? அவரு எங்க?... டோக்கன் கூப்டுட்டாங்களா... உள்ள போயிட்டாரா... சரி."

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இரு, வெச்சிடாத. வாங்கறவருகிட்ட என்னான்னு சொன்ன?... அக்கா ஒத்துக்கிச்சுன்னா?... ஏன்டா தம்பி இப்புடி... அந்தாளும் எங்கயோ ஒழச்சி சம்பாரிச்சத கொண்டாந்துருப்பான்டா. வயல வயலுன்னு சொல்லி வித்தா நான் ஒண்ணும் கேக்கல. மனைன்னு சொல்லி, அதுல என் பேரையும் சேத்து விக்கறியா?... வியாபாரம்னா? ஏமாத்தறதுக்குப் பேரு வியாபாரமா?... அவருகிட்ட ஃபோன குடு, நானே சொல்லிடறேன்... குடு... செம்பியா, குடுடா..."

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்துப் பார்த்தாள். ஃபோனை அணைத்து வைத்துவிட்டான்.

பஸ் நிரம்பிப் புறப்பட்டது. கலைமணி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கால் மரத்துப்போனது சரியாகும்வரை நின்றாள். பிறகு வெளியே வந்து ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"பத்திர ஆபீசுக்குப் போங்கண்ணே. கொஞ்சம் வெரசா."